நில்

ஆடிட்டர் தனகோடி போனில் சொன்னார்:
"ஒண்ணும் நடக்கலைன்னாலும்
ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லியாகணும்மா.
நில் போட்டுடறேன்."

நில்.
ஆங்கிலத்தில் அது பூச்சியம்,
தமிழில் கட்டளை.
எங்கள் கம்பெனி இரண்டுக்கும் கீழ்ப்படிந்து
முத்தியால்பேட்டையில், துருவேறிய ஷட்டருக்குப் பின்னால்
ஐந்து வருடமாக நின்றுகொண்டிருக்கிறது.

நுரைமகள் சோப்ஸ் பிரைவேட் லிமிடெட்.
பெயர் வைத்தவள் அந்துவானெத்.
லிமிடெட் என்றால்
இழப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று
எனக்கு விளக்கியவளும் அவள்தான்.

கடைசியாக விற்றது நூற்று நாற்பது சோப்பு,
கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றுக்கு.
வேப்பெண்ணெய் வாசம் தெரியாமல் இருக்க
வெட்டிவேர் கூடுதலாய்ப் போட்டோம்.
பணத்தைக் கையில் கொடுத்தாயிற்று என்றார் விடுதிக்காரர்.
யார் கையில் என்று அவருக்கு நினைவில்லை.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.

எட்டாயிரத்து நானூறு ரூபாய்
இன்னமும் ஐந்தொகையில் இருக்கிறது,
'வரவேண்டிய பாக்கி' என்ற தலைப்பின் கீழ்.
தள்ளுபடி செய்துவிடலாமா என்று
வருடாவருடம் கேட்கிறார் தனகோடி.
இருக்கட்டும் சார் என்கிறேன்.

மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் ஒரு குறுஞ்செய்தி.
முப்பத்து நான்கில் தொடங்கும் எங்கள் எண்ணை
இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
மறந்தால் நாளொன்றுக்கு இருபது ரூபாய்.
விற்காத குற்றத்துக்கு அல்ல,
விற்கவில்லை என்று சொல்லாத குற்றத்துக்கு.
கம்பெனிப் பதிவாளரிடம் தாமதித்தாலோ நாளுக்கு நூறு,
ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாக.
வங்கி மட்டும் சுறுசுறுப்பு:
இருப்பு குறைவென்று அபராதம் பிடித்து
எங்களுக்கு ஒரு நஷ்டக் கணக்காவது தருகிறது.

செப்டம்பர் வந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டம்.
'பதிவு அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் கூடியது.
இரு இயக்குநர்களும் வந்திருந்தனர்.
தலைவருக்கு நன்றி கூறப்பட்டு
கூட்டம் இனிதே நிறைவுற்றது.'
அந்தப் பதினொரு மணிக்கு நான் ஜிப்மரில்
அப்பாவின் டோக்கன் எண்ணுக்குக் காத்திருந்தேன்.
அவள் காரைக்காலில், யார் வீட்டு மருமகளாகவோ.
கையெழுத்து மட்டும் அருகருகே உட்கார்ந்திருக்கிறது.

வரி இணையதளம் அவள் போனுக்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும்.
மாற்றச் சொல்லி தனகோடி அலுத்துவிட்டார்.
எங்கள் உரையாடல் இப்போது இப்படி:
ஓ.டி.பி.
482913
ஓ.டி.பி.
077160
வணக்கமில்லை, புள்ளியில்லை.
விரலால் நெடுநேரம் மேலே தள்ளினால்தான்
'பன்னு வாங்கிட்டு வரவா, பசிக்குது' வரும்.

இந்த வருடம் தனகோடி முடிவாகச் சொன்னார்:
"மூடிடுங்கம்மா. கட்டணம் பத்தாயிரம்.
ரெண்டு பேரும் நோட்டரி முன்னால பிரமாணம்,
யாருக்கும் பாக்கி இல்லைன்னு ஒரு உறுதிமொழி.
பேரையே பதிவேட்டிலிருந்து அடிச்சுடுவாங்க."

படிவத்தை அவளுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது.
எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.

"அந்த எட்டாயிரத்து நானூறை
எழுதித் தள்ளிட்டியா?"

"இல்ல."

"சரி. அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கொஞ்ச நேரத்தில்
தனகோடி ரிட்டனைத் திறந்திருக்க வேண்டும்.
நான் கேட்காமலே
ஆறு இலக்கம் வந்து விழுந்தது.

பத்து நிமிடம்தான் செல்லும்.
அடுப்பில் பால் பொங்கியதைக்கூட அணைக்காமல்
எட்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு
நின்றேன்.